ஒரு முடிச்சு உப்பு

ஆடி மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை. மூணாற்றுப் பக்கம் ஆடி மாதத்தில் மழை பெய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் குறிப்பது என் வழக்கம். தேதியில் சந்தேகம் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம்தான் என் தங்கை பிறந்தாள். மணியிலும் பெரிய பிழை இருக்காது. ஒன்பதுக்கு ஃபேக்டரிச் சங்கு ஊதியதிலிருந்து அறுநூறு வரை எண்ணி முடித்திருந்தேன். எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் எஸ்டேட்டின் நாலாம் நம்பர் காட்டில், ஓடையை ஒட்டிய தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கால்சட்டையைத் தொடைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, அட்டைகள் வந்து ஏறட்டும் என்று வெறுங்காலோடு அசையாமல் நின்றிருந்தேன்.

அட்டையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை தொடங்கிவிட்டால் ஒவ்வொரு புல் நுனியிலும் ஒன்று எழுந்து நின்று தலையை ஆட்டும். ஏறும்போது தையல் நூல் கனம். குடித்து முடித்து விழும்போது திராட்சைப் பழ அளவு. கடிப்பது தெரியாது, வலிக்காது. அது விழுந்த பிறகுதான் ரத்தம் நிற்காமல் வழியும். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் கல் உப்பைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார்கள். அட்டை மேல் உப்புப் பட்டால் சுருண்டு, குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு விழுந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் உப்பு எடுத்துப் போகவில்லை. எனக்கு அவை கக்கக் கூடாது. முழுதாகக் குடித்துத் தாமாக விழ வேண்டும். விழுந்தவற்றைப் பிடித்துப் போட, மாமாவின் புகையிலை டப்பாவை எடுத்து வந்திருந்தேன். புகையிலை வாடை அட்டைக்கு ஆகாது என்பதால் டப்பாவை மூன்று தடவை சாம்பல் போட்டுக் கழுவியிருந்தேன். சின்ன வயதிலேயே நான் எதையும் முன்கூட்டி யோசிக்கிறவன்.

நான் அங்கே போய் நின்ற காரணம் அன்று காலை பெரட்டுக் களத்தில் நடந்தது. ஆட்களைப் பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன காட்டுக்கு என்று வேலை பிரிக்கிற இடத்தை நாங்கள் பெரட்டுக் களம் என்போம். அன்று பேர் கூப்பிடுவதற்கு முன்னால் கணக்குப்பிள்ளை குடையை மடக்கிவிட்டுப் பேசினார். தங்கை பிறந்த பிறகு அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. இப்போது நின்றுவிட்டது, ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு பாட்டில் ஏற்றினால் பிழைப்பாள் என்று எஸ்டேட் டாக்டர் சொல்கிறார். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, கீழே கொண்டுபோக வழியில்லை. புருசன் ரத்தம் சேரவில்லை. யாராவது வந்து கொடுங்கள். இவ்வளவுதான் சொன்னார். அப்பா அவருக்குப் பக்கத்தில் கையைக் கூப்பியபடி நின்றார். கூட்டத்தில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். நூற்று நாற்பது பேரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

"ரத்தம் எடுத்தா ஆம்பளைக்கு மூட்டை தூக்கத் தெம்பு இருக்காது சாமி" என்றார் ஒருவர்.

"போன ரத்தம் திரும்ப ஊற ஒரு வருசம் ஆகுமாம்லா?"

"மதுரையில காசுக்குக் குடுக்க ஆளு இருக்கானாம். ஒரு தந்தி அடிச்சுப் பாருங்களேன்."

"தந்தி போவும். மதுரைக்காரன் எந்த வழியா வருவான்? பறந்தா?"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதல் நாள் இரவு எங்கள் வீட்டுக்கு நாலு வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. கேட்டிருந்தால் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மண்சரிவைத் தாண்டி இறங்கியிருப்பார்கள், இரண்டு பேர் உருண்டு விழுந்தாலும் மற்றவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஊசிக்குத்தான் பயந்தார்கள்.

ரத்த சொந்தம் என்று எங்களுக்கு அங்கே இருந்தவர் தாய்மாமன் ஒருவர். கொழுந்து மூட்டை இரண்டை ஒரே மூச்சில் லாரியில் ஏற்றுகிறவர். "என் கூடப்பிறந்தவளுக்கு நான் குடுக்காம எவன் குடுப்பான்? எங்க ரத்தம் ஒரே ரத்தம்லே" என்று இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சட்டைக் கையை மடக்கினார். கம்பவுண்டர் சோதனைக்காக விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தினார். மாமா அந்த ஒரு சொட்டைப் பார்த்தார். அப்படியே மரம் சாய்வதுபோலச் சாய்ந்து, மருந்து மேசையின் முனையில் நெற்றியை இடித்துக்கொண்டார். நாலு தையல். அம்மாவுக்காக முதலில் ரத்தம் சிந்திய உறவினர் அவர்தான். அது தரையோடு போயிற்று. அந்தச் சொட்டும் சேராத ரத்தம் என்று பிறகு தெரிந்தது.

பெரட்டுக் களத்தில் கால்களைப் பார்த்தவர்களில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தையும் ஒருத்தி. அத்தை என்றால் உறவு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அத்தை. ஒரே கூரைக்கடியில் வரிசையாக இருந்த எங்கள் லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரே குழாய். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்பதில் அம்மாவுக்கும் அவளுக்கும் வழக்கு. பதினொரு மாதமாக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழாயடியில் மட்டும் பேசிக்கொள்வார்கள், அதுவும் மூன்றாம் நபரிடம் சொல்வதுபோல. அவள் குரல் ஃபேக்டரிச் சங்குக்கு அடுத்தபடி. அவளிடமிருந்து நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அப்பா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனார். நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். அம்மாவுக்கு ரத்தம் வேண்டும். ஒரு உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு போகிற ஒன்றைத்தான் எனக்குத் தெரியும். அதை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். என்னிடம் கேட்டிருந்தால் பெரட்டுக் களத்திலேயே சொல்லியிருப்பேன். ஏழு வயதுக்காரனை யாரும் கேட்கவில்லை.

அறுநூறு எண்ணியபோது இரண்டு கால்களிலுமாகப் பதினொரு அட்டைகள் இருந்தன. நாலு ஏற்கெனவே விழுந்து டப்பாவுக்குள் இருந்தன. கணுக்கால் வழியாக ரத்தம் மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது. அது வீணாகிறதே என்பதுதான் எனக்கு அப்போதிருந்த ஒரே கவலை.

கொழுந்துக்காரிகள் மேல் வரிசையை முடித்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். முன்னால் வந்தது பக்கத்து வீட்டு அத்தை.

"யாரு மவன்லே அங்க நிக்கது? ஐயையோ! ஏ புள்ளைகளா, ஓடி வாங்களேன்! காலெல்லாம் ரத்தமா நிக்கான்!"

கூடையைக் கழற்றித் தரையில் வீசினாள். இடுப்பிலிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். நான் விலகுவதற்குள் அந்த உப்பு முழுவதையும் இரண்டு கால்களிலும் அள்ளிப் பூசிவிட்டாள்.

"போடாதீங்க அத்தை! கக்கிரும்! கக்கிரும்!"

"கக்கட்டும், சனியன்!"

"அது எங்கம்மாவுக்கு!"

அவள் கை நின்றது. பதினொன்றும் சுருண்டு, குடித்ததை என் கால்மேல் கக்கிக்கொண்டே விழுந்தன. எரிச்சல் தாங்கவில்லை, ஆனால் நான் அழுதது எரிச்சலுக்காக இல்லை. அன்று காலையிலிருந்து சேர்த்தது கண்ணெதிரே புல்லில் போயிற்று.

"என்னது உங்கம்மாவுக்கு?"

டப்பாவைத் திறந்து காட்டினேன். நிறைந்ததும் டாக்டரிடம் கொண்டுபோவேன், அவர் பிதுக்கி எடுத்து அம்மாவுக்கு ஊற்றுவார் என்று விளக்கினேன். பின்னாலிருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அத்தை சிரிக்கவில்லை. டப்பாவுக்குள் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அதில் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன. உப்பு தீர்ந்துவிட்டதால் நகத்தால் வழித்து எறிந்தாள்.

"ஏட்டி, மழைக்காலம் பூரா இந்தச் சனியனுக்குக் குடுக்கோம். ஒரு நாளாவது தெம்பு போச்சுன்னு கொழுந்து எடுக்காம வீட்ல படுத்தோமா? மனுசிக்குக் குடுத்தாத்தான் தெம்பு போயிருமாக்கும்!"

அவள் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார்.

"ஏம்மா, நெரையப் பாதியில விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. அதான் போறேன்."

"அரை நாள் கூலி வெட்டிருவேன், பாத்துக்க."

"வெட்டிக்க. கூடையில கெடக்க கொழுந்த மட்டும் என் பேருல நிறுத்துப் போடு. கொறைஞ்சுதுன்னா சாயங்காலம் ஒம் வீட்டு வாசல்ல வந்து கேப்பேன்."

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயை அடைத்தவளும் இன்னும் இரண்டு பேரும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நாலு பேரின் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். இரண்டு பேருடையது சேர்ந்தது. ஒன்று சிரித்தவளுடையது. இன்னொன்று பக்கத்து வீட்டு அத்தையுடையது. கம்பவுண்டர் கோட்டயம் பக்கத்து மலையாளி; என் காலைக் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு, "இது எந்தாடா மோனே?" என்று டப்பாவைக் காட்டிக் கேட்டார். சொன்னேன். அவரும் சிரிக்கவில்லை. மூடியை அழுத்திச் சாத்தி, மருந்து பாட்டில்களுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தார். "ஆவட்டே. இதும் இங்க இருக்கட்டே" என்றார். என் நாலு அட்டையும் சேர்த்துத்தான் அம்மா பிழைத்தாள் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

வாசலில் நின்று பார்த்தேன். அத்தை பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தாள். கையிலிருந்து ஒரு குழாய் கீழே பாட்டிலுக்குப் போனது. அட்டை எங்கே என்று தேடினேன், இல்லை. பாட்டில் நிறைந்ததும் அவள் தலையைத் தூக்கிப் பார்த்து, "இம்புட்டுதானா? இதுக்கா அத்தனை பேரும் தலையக் குனிஞ்சானுவ?" என்றாள். பாலில்லாமல் சர்க்கரை மட்டும் போட்ட கட்டன் சாயா கொடுத்தார்கள். பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். பத்தடி தள்ளி, ஒரு துணித் தட்டிக்கு அந்தப் பக்கம், அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். அத்தை எழுந்து போகும்போது தட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். திரும்ப மூடிவிட்டு நடந்தாள். இரண்டு பேருக்கும்தான் பேச்சு இல்லையே.

மூன்றாம் நாள் அம்மாவுக்கு நன்றாக நினைவு வந்ததும் அப்பா விஷயத்தைச் சொன்னார். "அவளா?" என்று மட்டும் கேட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா வீட்டுக்கு வந்த பிறகு அவளைக் கூர்ந்து கவனிப்பது என் வேலையாயிற்று. அத்தையின் ரத்தம் உள்ளே போயிருக்கிறதே, இனி அம்மாவுக்கும் அந்தக் குரல் வருமா என்று தெரிய வேண்டியிருந்தது. இருபத்து மூன்றாம் நாள் குழாயடியில் தெரிந்தது. அத்தை தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள். அம்மா அதைப் பின்னால் நகர்த்தினாள். அன்று இரண்டு குரலும் ஒரே உயரத்தில் இருந்தன. ரத்தம் வேலை செய்கிறது என்று எனக்குப் பரம திருப்தி.

அந்தச் சண்டையில்தான் முதன்முதலாக உப்பு வந்தது.

"ஒம் மவன் கால்ல அட்டை எடுக்க என் இடுப்பு உப்பு ஒரு முடிச்சு போச்சே, அதத் திருப்பித் தந்தியா? பெருசா கொடத்த நகத்த வந்துட்டா!"

அதன் பிறகு நாங்கள் அந்த லயத்தில் இருந்த வருடங்களில் அவர்களுக்குள் எத்தனையோ சண்டை. சண்டையில் அத்தை எதையும் விடமாட்டாள். எங்கள் கோழி அவள் வீட்டு நெல்லைத் தின்றது, கடன் வாங்கிய அரிவாளின் முனை உடைந்தது, மாமா நெற்றியை உடைத்துக்கொண்டது வரை எல்லாம் வரும். கடைசியில் உப்பு வரும். அந்த உப்பும் வளர்ந்துகொண்டே போயிற்று. முதல் வருடம் ஒரு முடிச்சு. பிறகு கால் படி. எனக்குப் பத்து வயதாகும்போது அரைப்படி ஆகிவிட்டது. கணக்கு இப்படி ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அரைப்படி உப்பை அளந்து எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடலாம் என்று புறப்பட்டேன். அம்மா வாசலில் மறித்துப் படியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வையிலே கீழ. உப்பு கடன் கெடக்கட்டும்."

"அத்தை தினமும் கேக்காங்களே?"

"கேக்கட்டும். அவ கேக்கணும்."

எனக்குப் புரியவில்லை. எதற்கும் கணக்குப் பார்க்கிற அம்மா, ஒரு மாத மளிகையில் ஒரு கடுகு குறைந்தாலும் கடைக்குத் திருப்பி அனுப்புகிற அம்மா, இதை மட்டும் ஏன் இழுத்தடிக்கிறாள்? அத்தையைப் பற்றியும் அப்போது எனக்கு ஒரு முடிவு இருந்தது. பாவம், அவளுக்கு ஞாபகமறதி. உப்பு ஞாபகம் இருக்கிறது, ரத்தம் கொடுத்தது மறந்துவிட்டது. உப்பு காசு கொடுத்து வாங்கியது. ரத்தம் சும்மா உடம்பில் கிடந்தது. அதனால் மறந்திருப்பாள் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

இருபத்தொரு வயதில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் எனக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. அந்த வருடம் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் முகம் தெரியாத ஒருவருக்காக முதல் தடவை ரத்தம் கொடுத்தேன். படுத்திருந்த நேரமெல்லாம் மயக்கம் வருகிறதா என்று நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மயக்கம் வரவில்லை. வெளியே வந்ததும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பஸ் கண்டக்டரிடம் சொன்னேன். வாடகை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அந்த வாரத்துக்குள் பதினோரு பேரிடம் சொல்லிவிட்டேன். பதினோராவது ஆளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் பாதியில் நிறுத்தினேன். குழாயடி ஞாபகம் வந்தது.

அத்தனை வருடச் சண்டையில், கை நீட்டாத குறையாக நின்ற நாட்களிலும், அத்தை அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஒரு வார்த்தையில் சண்டை முடிந்திருக்கும். அம்மா காலத்துக்கும் குடத்தைப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பாள். அது தெரிந்துதான் அவள் நாவுக்கு எட்டும் தூரத்தில் உப்பை வைத்துக்கொண்டாள். அது தெரிந்துதான் அம்மாவும் உப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் முப்பத்தெட்டு தடவை கொடுத்தேன். யாரிடமும் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன் என்றால் இனிமேல் கொடுக்க முடியாது என்பதால்தான். அறுபத்தைந்து தாண்டிய பிறகு ஒரு முகாமில் அடையாள அட்டையைப் பார்த்த பெண், "அங்கிள், இனி வேண்டா. சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ஒன்பது நாள்தானே தாண்டியிருக்கிறது என்று வாதாடிப் பார்த்தேன். அவள் அடுத்தவனைக் கூப்பிட்டாள். வந்தவன் இருபது வயதுப் பையன், ஊசித் தட்டைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தான். அட்டை கடித்திருக்கிறதா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனாலும் போய்ப் படுத்தான். எழுந்து வரும்போது சிரித்துக்கொண்டு வந்தான்.

அந்த இரண்டு பாட்டில் ரத்தத்தை வைத்துக்கொண்டு அம்மா ஐம்பத்தெட்டு வருடம் ஓட்டினாள். தங்கையைக் கட்டிக் கொடுத்தாள், பேரன் பேத்தி ஆறு பேரைக் குளிப்பாட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தூக்கத்தில் போனாள். பக்கத்து வீட்டு அத்தை இருக்கிறாள். எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகளைச் சித்தூருக்குப் பக்கத்தில் பெருமாட்டியில் கட்டிக் கொடுத்ததால் அங்கே தென்னந்தோப்பு வீட்டில் இருக்கிறாள். எண்பத்து நாலு வயது. போன வாரம் ஒரு கிலோ கல் உப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மகள்தான் என்னை அடையாளம் சொன்னாள். "ஏனுங்க, உள்ள வாங்க. அம்மா, மூணாத்துல உங்க பக்கத்து ஊட்டுக்காரவிய பையனுங்க." பெருமாட்டிக்கு வந்து மகளின் பேச்சு மாறிவிட்டது. அத்தையின் பேச்சு மாறவில்லை, குரலும்தான்.

"தெரியுதுல்லா. அட்டைக்கார பயலு. கையில என்னலே?"

"உப்பு அத்தை. அம்மா தர வேண்டியது."

பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளினாள். விரலிடுக்கில் சரியவிட்டுப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை.

"எம்புட்டு இது?"

"ஒரு கிலோ."

"எனக்கு வர வேண்டியது ஒரு படில்லா?"

"ஒரு முடிச்சுதானே அத்தை! நீங்கதான் அரைப்படின்னு ஏத்துனீங்க."

"அறுவது வருசத்துல ஏறாதா? கணக்குப் படிச்சவன்தானே நீ?" பையின் வாயைச் சுருட்டி என் மடியில் வைத்தாள். "கொறையுது. எடுத்துட்டுப் போலே. உப்பு கடன் கெடக்கட்டும்."

அம்மா சொன்ன அதே வார்த்தை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்குள்தான் பேச்சே இல்லையே.

உப்பை எடுத்துக்கொண்டு திரும்பினேன். சமையலறையில் இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறேன். செலவு: உப்பு இருபது, போகவர பஸ்ஸுக்கு முப்பது. ஆக ஐம்பது ரூபாய்.